தொடர்புகொள்ள வேண்டியவர்

"பேர் எழுத வேண்டாம். சுட்டெண்ணும் வேண்டாம். எழுதி முடிச்சதும் மடிச்சு இந்தப் பெட்டிக்குள்ள போட்டுட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டு இனோகா வினாக்கொத்துக் கட்டுகளை முன்வரிசை மேசைகளில் வைத்தாள். மதியச் சாப்பாடு முடிந்த நேரம். வெளியே மழை. மண்டபத்தின் ஓரங்களில் விரித்துப் போட்டிருந்த குடைகளிலிருந்து தண்ணீர் வழிந்து படிப்படியாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. முகாமைத்துவ பீடத்தின் இரண்டாம் வருடத்தார் நூற்றியெழுபது பேர். தாள் கைக்கு வந்து தலைப்பை வாசித்ததும் ஒரு கணம் மண்டபம் அடங்கியது. பல்கலைக்கழக மாணவரிடையே பாலியல் சுகாதாரமும் கருத்தடை முறைப் பாவனையும். பிறகு பின்வரிசையில் யாரோ அதைச் செய்தி வாசிப்பவரின் குரலில் உரக்க வாசிக்க, சிரிப்பு ஒவ்வொரு வரிசையாகத் தாவி முன்னால் வந்தது.

"மிஸ், இருபத்தியோராம் கேள்வி. எத்தினை பேரோட எண்டு கேட்டிருக்கு. மனசால எண்டாலும் எழுதலாமா?"

"மச்சான், அப்ப உனக்கு மேலதிகத் தாள் வேணும்டா."

"மிஸ், 'இல்லை' எண்டு போட்டா எந்தக் கேள்விக்குப் போறது?"

"கடைசிப் பக்கத்துக்கு" என்றாள் இனோகா.

"அட, நான் முடிச்சிட்டன்!" என்று எழுந்து நின்று இரு கைகளையும் உயர்த்தினான் ஒருவன். அவனுடைய நண்பர்கள் அவனுக்காகக் கைதட்டினார்கள். இனோகாவுக்கும் சிரிப்பு வந்தது. இருபத்தொன்பது வயது, தற்காலிக உதவி விரிவுரையாளர், நான்கு வருடங்களாக ஒவ்வோர் ஆறு மாதமும் கடிதம் புதுப்பித்துப் புதுப்பித்து ஓடும் வேலை. பையன்கள் அவளை அதிகம் பொருட்படுத்தமாட்டார்கள். அது ஒருவகையில் நல்லது என்று ஆய்வை நடத்தும் பேராசிரியர் சொல்லியிருந்தார், உண்மையை எழுதுவார்கள். பெண் பிள்ளைகள் சிரிக்கவில்லை. பையைத் தூக்கித் தாளுக்கு அணையாக வைத்துக்கொண்டு, தலையை இறக்கி, பரீட்சை எழுதுவதுபோல எழுதினார்கள். சிலர் முதல் பக்கத்தோடு நிறுத்திவிட்டுச் சும்மா பேனையை உருட்டிக்கொண்டிருந்தார்கள், சீக்கிரம் முடித்தாலும் தாமதமாக முடித்தாலும் பக்கத்தில் இருப்பவள் எதையாவது ஊகித்துவிடுவாள் என்று.

கடைசியாக எழுந்தவள் மெலிந்த, கண்ணாடி போட்ட பிள்ளை. புறங்கையில் நீலப் பேனையால் எதையோ குறித்து வைத்திருந்தாள். பெட்டியின் துளையைப் பார்த்தாள். அதற்குள் போடவில்லை. தாளை இரண்டாக மடித்து இனோகாவின் கையில் கொடுத்தாள்.

"மன்னிக்கணும் மிஸ். பின்பக்கத்திலயும் எழுதிட்டன்" என்று சொல்லிவிட்டுக் குடையை விரிக்காமலேயே மழைக்குள் இறங்கிப் போனாள்.

துறை அறைக்கு வந்து இனோகா அந்தத் தாளைத்தான் முதலில் பிரித்தாள். நேர்த்தியான, சற்றே வலப்பக்கம் சாய்ந்த எழுத்து. அறிவுறுத்தலை வாசித்து, அதன்படி நிரப்பிய தாள். கருத்தடை முறைகளில் எவற்றை அறிவீர்? எட்டுக்கு எட்டும் சரியிட்டிருந்தாள். எதைப் பயன்படுத்தினீர்? எதுவுமில்லை. பயன்படுத்தாமைக்கான காரணம்? கொடுத்திருந்த ஏழு காரணங்களையும் விட்டுவிட்டு 'பிற' என்பதற்கு நேரே எழுதியிருந்தாள்: 'பாமசியில் அவருடைய கணித ஆசிரியரின் மனைவி நின்றபடியால் அவர் இருமல் மருந்து வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.' இனோகா வாய்விட்டுச் சிரித்தாள். அவசர கருத்தடை மாத்திரை பாவித்ததுண்டா? ஆம். எத்தனை மணித்தியாலத்தின் பின்? 'நான்கு நாள். வேறு ஊருக்குப் போய் வாங்க வேண்டியிருந்தது.' பக்கத்தைத் திருப்பினாள். மேலதிகக் கருத்துக்கள் என்ற இடத்தில் இப்படி இருந்தது: 'ஒன்பது கிழமை. இரண்டு தடவை பரிசோதித்துவிட்டேன். கீழே, மேலதிக விபரங்களுக்குத் தொடர்புகொள்ள வேண்டியவர் என்று உங்கள் பெயர் இருக்கிறது. தொடர்புகொள்ளலாமா?' அதற்குக் கீழே ஒரு தொலைபேசி இலக்கம்.

சிரித்த வாயை மூட இனோகாவுக்குச் சற்று நேரம் எடுத்தது. வினாக்கொத்தின் அடியில் இருந்த அந்தத் 'தொடர்புகொள்ள வேண்டியவர்' வரியை அவள் யோசித்து எழுதவில்லை. போன வருடத்து வேறொரு வினாக்கொத்திலிருந்து, அது நீரிழிவு பற்றியது, எடுத்து ஒட்டியிருந்தாள். நெறிமுறைக் குழு அப்படியொரு வரி இருக்க வேண்டும் என்று கேட்டிருந்தது.

பேராசிரியர் ரத்னசேகர தன் மேசையில் மீன் பணிஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நல்ல மனிதர். தனக்குக் கீழே வேலை செய்யும் பெண்களை மகள் என்றுதான் கூப்பிடுவார், அந்த வார்த்தைக்குரிய மரியாதையோடுதான் நடந்தும்கொள்வார். தாளை விரல் படாமல், கடதாசித் துண்டால் பிடித்து வாசித்தார். எண்ணெய்க்காகத்தான் அப்படிப் பிடித்தார். ஆனாலும் அது இனோகாவுக்கு வேறு மாதிரித் தெரிந்தது.

"மகள், இது வினாக்கொத்து. விண்ணப்பப் படிவம் இல்ல."

"நம்பர் தந்திருக்கிறா சேர்."

"தந்திருக்கிறா. நாங்க பேர் கேட்கமாட்டம் எண்டு எழுதிக் குடுத்துத்தான் அனுமதி எடுத்தம். இப்ப ஒரு ஆளைத் தேடிப் பிடிச்சா நாளைக்கு முழு ஆய்வையும் நிப்பாட்டுவாங்க. அது ஒண்டு. மற்றது, உனக்குச் சட்டம் தெரியும். கருவைக் கலைச்சவளுக்கு மட்டும் இல்ல, இடம் காட்டினவளுக்கும் மறியல்தான், உள்ள போடுவாங்க." அவர் பணிஸைக் கீழே வைத்தார். "ஆலோசனை நிலையத்தின்ர துண்டுப்பிரசுரம் ஒண்டு குடு. அதுக்கு மேல ஒரு அடி வைக்காதே. நேர்முகத்துக்கு இன்னும் ரெண்டு கிழமை. நிரந்தர வேலை மகள். நாலு வருஷமாக் காத்திருந்த ஆள் நீ."

"இந்தத் தாளை என்ன செய்யிறது சேர்?"

"செல்லாத தாள் எண்டு போட்டுவிடு."

அவள் அப்படிப் போடவில்லை. எல்லாப் பதில்களையும் கணினியில் ஏற்றினாள், பின்பக்கத்தைத் தவிர. அடுத்த நாள் அந்த இலக்கத்துக்கு அழைத்தாள்.

விளையாட்டு மைதானத்தின் படிக்கட்டில் சந்தித்தார்கள். காலை பத்து மணி. கீழே யாரோ நாலு பேர் ஈரத் தரையில் ஓடிக்கொண்டிருந்தார்கள். பெயர் உதேஷிகா. மெதிரிகிரியவுக்கு அப்பால் ஒரு குடியேற்றக் கிராமம். அப்பா இல்லை, அந்தப் பக்கத்தில் பரவியிருக்கும் சிறுநீரக நோயில் போய்விட்டார். அம்மா தனியாக இரண்டு ஏக்கர் வயலைப் பார்க்கிறாள். இதையெல்லாம் உதேஷிகா அனுதாபத்துக்காகச் சொல்லவில்லை, கேட்டதற்குப் பதிலாகச் சொன்னாள். மடியில் ஒரு கொப்பி வைத்திருந்தாள். இனோகா எதையாவது சொன்னால் குறித்துக்கொள்ள வந்திருக்கிறாள் என்று இனோகாவுக்குப் புரிந்தது.

"அவர் யார்?"

"பசிந்து. எங்கட பாட்ச்தான். நல்ல பிள்ளை மிஸ். பயந்த பிள்ளை." உதேஷிகா சிரித்தாள். "அண்டைக்கு எழும்பி நிண்டு, நான் முடிச்சிட்டன் எண்டு கையைத் தூக்கினவர், அவர்தான்."

இனோகா மைதானத்தைப் பார்த்தாள்.

"அம்மாவிட்ட சொல்ல ஏலாதா தங்கச்சி?"

"அம்மாவிட்ட சொல்லலாம் மிஸ். சொன்னா ஏசமாட்டா. பேசாம வயலுக்குப் போயிடுவா. அப்பா செத்த நேரமும் அப்படித்தான். நான் பட்டம் முடிப்பன் எண்டுதான் அவ காலையில எழும்புறா." கொப்பியின் ஓரத்தை மடித்து மடித்து நிமிர்த்தினாள். "மிஸ், எனக்கு அழுதுகொண்டிருக்க நேரமில்ல. இடம் ஒண்டு தெரியுமா?"

தெரியும். இனோகாவுக்கு நன்றாகத் தெரியும். ஆறு வருடங்களுக்கு முன், இறுதி வருடத்தில், கொழும்பில் கடற்கரைப் பக்கமாக ஒரு குறுக்குத்தெரு. வாசலில் பல் வைத்தியரின் பெயர்ப்பலகை. மேல்மாடி. வெள்ளைத் துணி விரித்த கட்டில், சலவை மணம். இருபது நிமிடம் எடுத்ததோ என்னவோ. எழுந்தபோது ஒரு பெண் இனிப்பு அதிகம் போட்ட பால் தேநீரும் இரண்டு பிஸ்கட்டும் கொண்டுவந்து, "மெதுவாக் குடி மகள், அவசரமில்ல" என்றாள். இரண்டு நாள் கழித்து இனோகா புள்ளிவிபரவியல் பரீட்சை எழுதி முதல் தரத்தில் சித்தியடைந்தாள். அதை அவள் யாருக்கும் சொன்னதில்லை. இப்போது கட்டியிருக்கும் கணவனுக்கும். அந்த வீட்டுத் தொலைபேசி இலக்கம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஆனால் சிலருக்குப் பழைய காதலனின் பிறந்தநாள் மறக்காததுபோல, அவளுக்கு அது மறக்கவில்லை.

வாய் வரைக்கும் வந்தது. கீழே ஓடிக்கொண்டிருந்தவர்களில் ஒருவன் நின்று மேலே பார்த்தான். அவன் மூச்சு வாங்கத்தான் நின்றான். "எனக்கு அப்படி ஒரு இடமும் தெரியாது" என்றாள் இனோகா. சொல்லிவிட்டுப் பையிலிருந்து ஆலோசனை நிலையத்தின் துண்டுப்பிரசுரத்தை எடுத்துக் கொடுத்தாள். அட்டையில் ஓர் ஆணும் பெண்ணும் கைகோத்துச் சூரியனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். செவ்வாய்க்கிழமைகளில் பிற்பகல் இரண்டு முதல் நான்கு வரை.

உதேஷிகா அதை மரியாதையாக இரண்டு கையாலும் வாங்கினாள். "போன செவ்வாய் போனன் மிஸ். கவுன்சலர் மிஸ் பிரசவ லீவில. தை மாசம்தான் வருவாவாம்."

இனோகா பையின் ஸிப்பை இழுத்து மூடினாள்.

"பரவாயில்ல மிஸ். மிஸ்ஸுக்கும் கஷ்டம்தானே" என்று எழுந்தாள் உதேஷிகா. கொப்பியைப் பைக்குள் வைத்தாள். அதில் ஒரு எழுத்தும் எழுதப்படவில்லை.

அன்று மாலையே இனோகா பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையொன்றில், தன் போனில் சார்ஜ் இல்லை என்று பொய் சொல்லி, கடைக்காரப் பெண்ணின் போனை வாங்கி அந்த இலக்கத்தை அழுத்தினாள். இரண்டாவது மணியிலேயே எடுத்தார்கள். "சொல்லுங்க" என்றது ஒரு பெண்குரல். அதே குரலா என்று தெரியவில்லை. "சொல்லுங்க மகள்" என்று அது மறுபடியும் சொன்னது. இனோகா வெட்டிவிட்டு, அழைத்த இலக்கத்தைக் கடைக்காரியின் போனிலிருந்து அழித்துக் கொடுத்தாள். இருக்கிறார்கள். இன்னும் இருக்கிறார்கள். அந்த எண்ணம் அவளுக்கு ஒரு பெரிய ஆறுதலைத் தந்தது, தானே ஏதோ செய்துவிட்டதுபோல. நேர்முகம் முடியட்டும் என்று முடிவெடுத்தாள். அடுத்த வியாழன். அன்றைக்குப் பதினொரு கிழமையாக இருக்கும். தாமதம்தான், ஆனாலும் அந்த வீட்டில் செய்வார்கள். தானே கூட்டிக்கொண்டு போகலாம். வியாழனுக்குப் பிறகு தன்னை யாரும் வேலையிலிருந்து சும்மா நிறுத்திவிட முடியாது. இந்தக் கணக்கில் பிழை எதுவும் அவளுக்குத் தெரியவில்லை. அந்த நாட்களில் நன்றாகத் தூங்கினாள்கூட. ஒருமுறை கண்டீனில் உதேஷிகாவைக் கண்டாள். தூரத்தில், சோற்றுப் பார்சலைத் திறந்து, மணத்தை முகர்ந்து, மறுபடி மூடி வைப்பதைக் கண்டாள். உதேஷிகா அவளைப் பார்த்துத் தலையசைத்தாள். போய் ஒரு வார்த்தை, கொஞ்சம் பொறு, நான் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். பக்கத்து மேசையில் துறைத் தலைவர் இருந்தார்.

வியாழக்கிழமை இனோகா கண்டியச் சேலை கட்டிக்கொண்டு போனாள். ஐந்து பேர் கொண்ட குழு. நடுவில் இருந்தவர் ஆய்வைப் பற்றிக் கேட்டார். "அறிவு மட்டம் உயர்ந்து காணப்படுகிறது சேர். தொண்ணூற்றொரு வீதத்தினர் குறைந்தது நான்கு முறைகளை அறிந்திருக்கிறார்கள். ஆனால் பாவனை முப்பது வீதத்துக்கும் குறைவு" என்றாள். "ஏன் அப்படி?" என்று கேட்டார் ஓர் அம்மையார். இனோகா தடைகளை வரிசைப்படுத்தினாள்: வெட்கம், அணுகல், தனியுரிமையின்மை. நிறுவனங்கள் மீதான நம்பிக்கையீனம். அம்மையார் அந்தக் கடைசி வார்த்தையைக் குறித்துக்கொண்டு, மிகத் தெளிவான பதில் என்றார்.

வெளியே வந்தபோது படியடியில் ஒருவன் நின்றான். நிமிர்ந்து கை தூக்கிய அந்த உடம்பு இப்போது பாதியாகச் சுருங்கியிருந்தது. சட்டையின் பொத்தான்கள் ஒன்று மாறிப் போட்டிருந்தன.

"காலையில எட்டு மணியில இருந்து எடுக்கிறன் மிஸ். உங்கட போன் ஓஃப்ல. துறையில கேட்டா இன்டர்வியூவில எண்டாங்க."

"என்ன?"

"என்ர போர்டிங்கில இருக்கிறா. செவ்வாய்க்கிழமை இருந்து ரத்தம் நிக்கேல்ல. இப்ப குளிருது எண்டு நடுங்குறா. ஆஸ்பத்திரி வேண்டாமாம், பொலிஸ் வருமாம்." அவன் அழத் தொடங்கினான். "பேஸ்புக்கில ஒருத்தன் மிஸ். பஸ் ஸ்டாண்டில வந்து மாத்திரை தந்தான். கடதாசியில எழுதியிருந்தபடிதான் போட்டவ. ஒண்டும் பிழையாச் செய்யேல்ல மிஸ், எழுதியிருந்தபடிதான்."

அந்த அறையில் ஜன்னல் சாத்தியிருந்தது. உதேஷிகா சுவரோரம் சுருண்டு கிடந்தாள்; அவள்மேல் அவனுடைய போர்வை, அதற்குமேல் அவனுடைய மழை அங்கி, அதற்குமேல் கட்டில் விரிப்பு. நெற்றியைத் தொட்டவுடன் இனோகா கையை எடுத்துவிட்டாள், அப்படிக் கொதித்தது. ஓட்டோவில் ஏற்றியபோது சேலைத் தலைப்பை மடித்து அவளுக்குக் கீழே வைத்தாள். பசிந்து முன்னால் சாரதிக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தான். உதேஷிகா கண்ணைத் திறந்து இனோகாவின் உடுப்பைப் பார்த்தாள்.

"இண்டைக்கா மிஸ் இன்டர்வியூ? நல்லாச் செய்தீங்களா?"

"கதைக்காத தங்கச்சி."

"குளியலறையில வழுக்கி விழுந்தன் எண்டு சொல்லுங்க மிஸ். நானும் அப்படித்தான் சொல்லுவன். வேற ஒண்டும் சொல்லமாட்டீங்கதானே."

"சொல்லமாட்டன்."

அவசர சிகிச்சைப் பிரிவில் பெண் டொக்டர் ஒருத்தி, இனோகாவை விடச் சின்னவள், பத்து நிமிடம் உள்ளே இருந்துவிட்டு வந்தாள். கையில் அட்டையும் பேனையும். "விழுந்தவ எண்டு சொல்றா. எத்தினை கிழமை, என்ன போட்டா?" இனோகா அவளுக்கு அப்பால் பார்த்தாள். நடையின் முனையில் பொலிஸ் காவல் மேசை. அதில் ஒருவர் ரேடியோவில் கிரிக்கெட் கேட்டுக்கொண்டிருந்தார். டொக்டர் அவள் பார்வை போன இடத்தைப் பார்த்தாள். பேனையை மூடித் தன் பைக்குள் போட்டாள். "நான் எழுதேல்ல. நீங்க சொல்லாட்டி எனக்குத் தெரியாது. எனக்குத் தெரியாட்டி அவவுக்கு நேரமில்ல."

"பதினொண்டு" என்றாள் இனோகா. "எத்தினை மாத்திரை எண்டு அந்தப் பொடியனுக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமை."

"செவ்வாயா?" டொக்டர் கண்ணை ஒருமுறை மூடித் திறந்தாள். "நேற்றைக்கு எண்டாலும் கொண்டுவந்திருக்கலாமே."

சாயந்தரம் சத்திரசிகிச்சை. ஒப்புதல் படிவத்தில் உதேஷிகாவே கையெழுத்து வைத்தாள். அந்தக் காய்ச்சலிலும் அதே வலப்பக்கம் சாய்ந்த நேர்த்தியான எழுத்து. இனோகா நடையில் நின்றபோது போன் அடித்தது. பேராசிரியர். "மகள், உத்தியோகபூர்வமா நாளைக்குத்தான் சொல்லுவாங்க. ஆனா ஒரு ஆளும் எதிர்க்கேல்லயாம். வீட்டுக்குப் போய்ப் பாற்சோறு சமை." அவள் நன்றி சேர் என்றாள். எங்கே நிற்கிறாய் என்று கேட்டார். பஸ்ஸில் என்றாள். இரண்டரை மணி நேரம் கழித்து டொக்டர் வெளியே வந்து முகமூடியை இறக்கிவிட்டு, உயிருக்கு இனிப் பயமில்லை என்றாள். கிருமி எல்லா இடமும் பரவியிருந்தது; கர்ப்பப்பையை எடுக்காமல் வேறு வழி இருக்கவில்லை என்றாள். பசிந்துவுக்கு அது உடனே விளங்கவில்லை. "அப்ப சுகம்தானே டொக்டர்?" என்று கேட்டான். விளங்கியதும் போய் வெளியே மரத்தடியில் உட்கார்ந்தான். இரண்டு நாள் அந்த இடத்தை விட்டு அசையவில்லை. பெண்கள் வாட்டுக்குள் அவனை விடவும் மாட்டார்கள். வாட்டுக்கு அனுப்பச் சொல்லித் தோடம்பழப் பையொன்றை வருபவர் போகிறவரிடமெல்லாம் நீட்டிக்கொண்டிருந்தான்.

மூன்றாம் நாள் உதேஷிகாவின் அம்மா வந்தாள். இனோகாதான் அழைத்துச் சொல்லியிருந்தாள், வயிற்றில் கிருமி தொற்றி ஒரு ஒப்பரேஷன் என்று. வரும் பஸ்ஸின் நேரம் தெரிந்ததும் மரத்தடிக்குப் போய், "நீ போ. உன்ர முகத்தைப் பார்த்தாலே அவவுக்கு விளங்கியிடும்" என்றாள். அவன் மறுக்கவில்லை. மறுத்திருந்தால் அவளுக்கு அவன்மேல் ஒரு மதிப்பாவது மிஞ்சியிருக்கும். பழப்பையை அவள் கையில் கொடுத்துவிட்டு, பின்வாசல் வழியாகப் போனான்.

கறுத்து, நெடுத்து, எலும்பு தெரியும் பெண். இரண்டு பஸ் மாறி விடியவே புறப்பட்டு வந்தவள். பொலிஸில் இருந்து ஒரு பெண் வந்து, விழுந்தது எங்கே, எத்தனை மணிக்கு என்று இரண்டு கேள்வி கேட்டுவிட்டு, டொக்டரின் குறிப்பைப் பார்த்துவிட்டுப் போய்விட்டதை அவளுக்கு யாரும் சொல்லவில்லை. கிருமி பரவியதால் கர்ப்பப்பையை எடுக்க வேண்டி வந்தது என்று டொக்டர் சொன்னதை அவள் நின்றபடியே கேட்டாள். பிறகு இனோகாவின் இரு கைகளையும் பிடித்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டாள்.

"மிஸ் இல்லாட்டி என்ர பிள்ளை இல்ல. டொக்டர் சொன்னா, மிஸ்தான் தூக்கிக்கொண்டு வந்தீங்களாம். சேலை எல்லாம் பழுதாப் போச்சாம்."

"அப்படி ஒண்டுமில்ல அம்மா."

"எங்கட கிணத்துத் தண்ணி மிஸ்." அவள் அதைக் கோபமில்லாமல், பழகிய அயலவரைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னாள். "ஒவ்வொருத்தரையும் ஒவ்வொரு இடத்தில பிடிக்குது. இவட அப்பாவுக்குச் சிறுநீரகம். இவளையாவது தூரத்துக்கு அனுப்பினா தப்பியிடுவாள் எண்டு நினைச்சன். சின்னதில குடிச்சது உள்ளுக்கு இருந்திருக்கு."

கட்டிலில் உதேஷிகா கண்ணை மூடிக் கிடந்தாள். இமைகள் அசைந்தன. இனோகா ஒரு தோடம்பழத்தை எடுத்து உரிக்கத் தொடங்கினாள். கைக்கு வேறு எதுவும் செய்யத் தெரியவில்லை.

அம்மா மகளின் அழுக்கு உடுப்புகளைத் தேடி எடுத்துக்கொண்டு பின்பக்கக் குழாயடிக்குப் போனாள். மூன்று நாளாகப் பொலித்தீன் பையில் காய்ந்து கிடந்த பாவாடை. அதைத் தான் கழுவிவிடுகிறேன் என்று இனோகா எழுந்தாள். அம்மா விடவில்லை. "படிச்ச பிள்ளை நீங்க, இதையெல்லாம் தொடுறதா?" என்றாள்.

அவள் போனதும் உதேஷிகா கண்ணைத் திறந்தாள்.

"மிஸ்."

"தண்ணி வேணுமா?"

"இல்ல." உதடு வெடித்திருந்தது. மெதுவாகப் பேசினாள். "படிக்கட்டில நான் கேட்டன்தானே. அப்ப மிஸ் உடனே சொல்லேல்ல. கொஞ்ச நேரம் யோசிச்சீங்க. தெரியாத ஆள் யோசிக்கிறதுக்கு ஒண்டுமில்ல." மூச்சு வாங்கினாள். "உங்களுக்கு இடம் தெரிஞ்சிருந்தது, என்ன?"

கையிலிருந்த பழத்தோல் நீளமாகத் தொங்கியது. பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமினார்கள். இல்லை என்று சொல்ல இனோகாவிடம் இன்னும் ஒரு பொய் இருந்தது. கேட்டவள் அதையும் மரியாதையாக இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வாள் என்பதும் தெரிந்தது.

"ஓம்" என்றாள்.

உதேஷிகா ஏசவில்லை. ஒரு கணக்கின் விடை தான் நினைத்தபடியே வந்துவிட்டதுபோல மெல்லத் தலையசைத்தாள். "வியாழனுக்குப் பிறகு சொல்லலாம் எண்டு இருந்தன்" என்று இனோகா தொடங்கினாள். அந்த வசனம் அவளுக்கே கேட்கச் சகிக்காமல் பாதியில் நின்றது. உதேஷிகா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். தையல் இழுத்திருக்க வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு, மிக மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பினாள். இனோகா உதவக் கை நீட்டினாள். தோளைத் தொடும் முன்பே அந்தத் தோள் இறுகியது.

அவள் எழுந்து ஜன்னலோரம் போனாள். வாட்டுக்குப் பின்னால் சிமெந்துத் தரை. அதற்கு அந்தப் பக்கம் பிரசவ வாட்டு. இரண்டுக்கும் பொதுவாகக் கொடிகள் கட்டியிருந்தார்கள். ஒரு பக்கம் வரிசையாகக் குழந்தைத் துணிகள், சின்னச் சட்டைகள், மஞ்சள் கம்பளிச் சப்பாத்துகள். இந்தப் பக்கக் கொடியில் அம்மா பாவாடையை விரித்து, கறை போனதா என்று வெயிலுக்குப் பிடித்துப் பார்த்து, போகாத இடத்தை உள்பக்கமாக மடித்துப் போட்டாள். காற்று ஒருமுறை பலமாக வீசியது. மற்றக் கொடியிலிருந்து வெள்ளைத் தொப்பி ஒன்று கழன்று தரையில் உருண்டது. உள்ளங்கை அளவுத் தொப்பி. அம்மா ஓடிப் போய் அதை எடுத்தாள். மண்ணைத் தட்டினாள், வாயால் ஊதினாள், தன் மேல்துணியில் துடைத்தாள். மற்ற வாட்டின் வாசலில் நின்ற இளம்பெண்ணைப் பார்த்து, வாய் முழுக்கச் சிரிப்போடு, "ஆம்பிளைப் பிள்ளையா மகள்?" என்று கேட்டாள். அந்தப் பெண் என்ன சொன்னாளோ, காற்றில் கேட்கவில்லை. தொப்பியைக் கொடியில் குத்தக் கிளிப் எதுவும் மிச்சமில்லை. சுற்றுமுற்றும் தேடிவிட்டு, காற்று அடங்கட்டும் என்று, அம்மா அதைக் கொடியோடு சேர்த்துத் தன் விரல்களாலேயே பிடித்துக்கொண்டு நின்றாள்.